ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் மேலே வர: நாகர்கோவில் தம்பி ஒருவரின் நான்கு கேள்விகளுக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நாகர்கோவிலில் 120 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்றரை வருடமாக எக்ஸிகியூட்டிவாக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.காம். முடித்து, மருத்துவமனை மேலாண்மையில் எம்.பி.ஏ. வாங்கியவர். வேலை என்னவோ நாள் முழுக்க இன்சூரன்ஸ் ஃபைல்தான். பத்து வருடத்தில் ஒரு மருத்துவமனையை நடத்தும் இடத்துக்கு வரவேண்டும் என்பது ஆசை. அதற்கு இப்போதிருந்தே எதைப் பழக வேண்டும், இன்னும் ஏதாவது படிக்க வேண்டுமா, இந்த மாவட்டத்திலேயே இருந்தால் அது நடக்குமா, சென்னையில் கூடுதல் சம்பளத்துக்கு வந்திருக்கும் வேலைக்குப் போகலாமா என்று நான்கு கேள்வி.

நான் இந்த வேலைக்கு வந்தது 23 வருடத்துக்கு முன்னால், பில்லிங் கவுண்டரில் நைட் ஷிஃப்டுக்கு. மேலாண்மைப் படிப்பெல்லாம் அப்புறம் தபால் வழியில் முடித்தது. இப்போது தக்கலைப் பக்கம் ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆகவே நான் சொல்வது நம்மூர் அளவு மருத்துவமனைக்குப் பொருந்தும். ஆயிரம் படுக்கை கார்ப்பரேட்டில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். மருத்துவமனையில் நிர்வாகிக்கு உத்தரவு போடும் அதிகாரம் ரொம்பக் குறைவு. டாக்டர்கள் உங்களுக்குக் கீழே இல்லை. சிஸ்டர்களுக்கு நர்சிங் சூப்பரின்டென்டென்ட் இருக்கிறார். லேப் அதன் டாக்டர் சொல்வதைக் கேட்கும். மிஞ்சுவது செக்யூரிட்டியும் துப்புரவும், அதிலும் பாதி கான்ட்ராக்ட். பின்னே எதை வைத்து நடத்துவது? ஒவ்வொரு துறைக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஆனால் ஒரு துறை முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்துக்கு ஆள் கிடையாது. நோயாளி ஓ.பி.யிலிருந்து வார்டுக்குப் போகும்போது, ஃபைல் வார்டிலிருந்து பில்லிங்குக்கு வரும்போது, ராத்திரி சிஸ்டர் பகல் சிஸ்டரிடம் ஒப்படைக்கும்போது, மருந்து ஸ்டோரிலிருந்து கிளம்பி வார்டு அலமாரியில் ஏறும்வரை, இந்த நடுவெளி எல்லாம் அநாதையாகக் கிடக்கிறது. நிர்வாகியின் நிலம் அதுதான். கேட்பாரில்லாத அந்தக் கைமாறும் இடங்களை முழுக்கத் தெரிந்தவர் சொன்னால், அதிகாரம் இல்லாவிட்டாலும் கேட்கிறார்கள். முதல் ஐந்து வருடம் நீங்கள் பழக வேண்டியது அங்கேதான்.

நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். டாக்டர் காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்" என்று சொன்ன ஒரு நோயாளியைப் பார்த்துவைத்துக்கொண்டு, அவருடைய கேஸ் ஷீட்டின் பின்னாலேயே நாள் முழுக்கப் போங்கள். ஒரு சின்ன நோட்டும் வாட்சும் போதும். போன வருடம் நான் அப்படிப் போன ஒரு நாளைச் சொல்கிறேன். 9.10-க்கு டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் மகன் உடனே போன் போட்டுக் காரை வரச் சொல்லிவிட்டான். கேஸ் ஷீட் 10.40 வரை வார்டு மேசையில் கிடந்தது. டியூட்டி டாக்டர் காஷுவாலிட்டியில் ஒரு கேஸில் மாட்டிக்கொண்டார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி முடிந்தபோது 11.30. மிச்ச மருந்தைப் பார்மசிக்குத் திருப்ப வேண்டும். அட்டெண்டர், மூன்று பேர் மருந்தையும் சேர்த்து ஒரே நடையாகக் கொண்டுபோகலாம் என்று காத்திருந்தார். 12.20. பில்லிங்கில் ஃபைலைத் திறந்தால் முந்தின ராத்திரி எடுத்த ஸ்கேனுக்குக் கட்டணம் ஏறவில்லை. ஸ்கேன் அறைக்குப் போன் போட்டால் அங்கே சாப்பாட்டு நேரம். கடைசி பில்லை இன்சூரன்ஸுக்கு ஏற்றும்போது மணி 1.45. அனுமதி வந்தது 4.20-க்கு. அந்த அம்மா படியிறங்கி வந்தபோது, கார்க்காரர் காத்திருந்ததற்குக் கூடுதல் வாடகை கேட்டு மகனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

இதில் ஒருவர்கூடச் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு வேலையில்தான் இருந்தார்கள். நேரம் போனதெல்லாம் ஃபைல் கைமாறிய இடங்களில். ஆனால் மக்கள் திட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனியை; நாமும் "அவங்க அப்ரூவல் தரலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் (நோயாளி கட்டாமல் இன்சூரன்ஸே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது) முன் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம். அதைத் தாண்டினால் மருத்துவமனையில் ஏறும் கூடுதல் செலவு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தலையில். நான் பார்த்த அந்த ஃபைலில் அவர்கள் எடுத்தது 2 மணி 35 நிமிடம். நாங்கள் எடுத்தது 4 மணி 35 நிமிடம்.

இதைக் கணக்காக மாற்றத் தெரிந்தால்தான் மேலே இருப்பவர்கள் காது கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 20 டிஸ்சார்ஜ் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் 4 மணி நேரம் தேவையில்லாமல் படுக்கையில் இருந்தால் 80 மணி நேரம். தினமும் 3 படுக்கைக்கு மேல் முடங்குகிறது. மாதத்துக்கு 100 படுக்கை நாள். ஒரு நோயாளி சராசரியாக 4 நாள் தங்குகிறார் என்றால் 25 பேருக்கான இடம் அது. ஒரு கட்டில்கூட வாங்காமல் கிடைக்கும் இடம். ஆனால் வார்டு நிரம்பாத மாதங்களில் இதனால் ஒரு ரூபாய் வருமானம் கூடாது. நோயாளிக்கு நிம்மதி, அவ்வளவுதான். அதையும் சேர்த்தே சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் அக்கவுண்ட்ஸ் சார் ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

இன்னொன்று கவனித்தீர்களா? எல்லாத் துறையின் காகிதமும் வந்து சேருகிற இடம் இன்சூரன்ஸ் மேசை. நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்த நாற்காலி உண்மையில் நல்ல இடம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு கிளைம் திரும்பி வந்தால், ஏன் வந்தது என்று பாருங்கள். ஒன்றில் அறுவை சிகிச்சைக்கு முந்தின படம் இருக்காது. ஒன்றில் லேப் ரிப்போர்ட்டில் பெயர் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் வேறு மாதிரி. இன்னொன்றில் டாக்டர் எழுதிய நோய்க்கும் கேட்ட பேக்கேஜுக்கும் (அந்தச் சிகிச்சைக்குத் திட்டம் வைத்திருக்கும் மொத்தத் தொகை) ஒட்டாது. மூன்று மாதம் திரும்பி வந்த கிளைம்களைக் காரணம் வாரியாகப் பிரித்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் துறையில் எந்தக் கைமாற்றம் உடைந்திருக்கிறது என்பதன் வரைபடம் அது. கூட வேலை பார்ப்பவர்கள் "இன்னைக்கு எத்தனை ஃபைல் முடிச்சே" என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது உங்கள் கையில் அந்த வரைபடம் இருக்கும்.

சரி, டாக்டர்கள். வேலையில் நான் பட்ட பெரிய அடி இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முன்பு இருந்த ஒரு மருத்துவமனையில் தியேட்டரில் முதல் கேஸ் 8 மணிக்கு என்று போர்டில் இருக்கும், கத்தி வைப்பது 9 மணிக்கு. நான் புதிதாகப் பொறுப்புக்கு வந்த சூட்டில் ஒரு சர்க்குலர் போட்டேன்: அறுவை சிகிச்சை நிபுணர்கள் 7.45-க்குள் வந்துவிட வேண்டும். மறுநாள் மூத்த சர்ஜன் ஒருவர் என் அறைக்கு வந்தார். அந்தக் காகிதத்தை நாலாக மடித்து மேசையில் வைத்தார். "தம்பி, நான் ஏழு நாப்பதுக்கே வந்து சாயா குடிச்சிட்டு உக்காந்திருக்கேன். பேஷண்ட் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அதற்கப்புறம் ஒரு வாரம் காலை ஆறரைக்கே போய் வார்டில் நின்றேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டியது முந்தின மாலை. ஆனால் மகன் வரட்டும் என்று காலைக்குத் தள்ளியிருப்பார்கள். 7.15-லிருந்து சிஸ்டர்கள் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு ஷிஃப்ட் ஒப்படைத்துக்கொண்டே போவார்கள், அந்த நேரம் எவரையும் அசைக்க முடியாது. அட்டெண்டர்களுக்கும் அதே நேரம்தான் ஷிஃப்ட் மாறும். இதெல்லாம் முடிந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் அருகே வந்தால், லிஃப்டுக்குள் இட்லி வண்டி நிற்கும். கேன்டீன்காரர் ஒவ்வொரு மாடியாக இறக்கிக்கொண்டு போவார். இருப்பது ஒரே லிஃப்ட். 20 நிமிடம் அங்கேயே போய்விடும்.

செய்த மாற்றம் சின்னதுதான். கேன்டீன் வண்டியை அரை மணி நேரம் தள்ளி வைத்தோம். முதல் கேஸ் நோயாளியை மட்டும் ராத்திரி சிஸ்டரே, தன் ஷிஃப்டை ஒப்படைக்கும் முன்பு, தியேட்டர் வாசலில் விட்டுவிட வேண்டும் என்று நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் பேசி முடிவு செய்தோம். மூன்று வாரத்தில் முதல் கேஸ் 8.10-க்கு வந்தது. அந்த சர்ஜன் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஒரு புது மெஷின் வாங்குவது பற்றிப் பேசும்போது "அந்தத் தம்பியையும் கூப்பிடுங்க" என்றாராம். டாக்டரிடம் போகும்போது குறையோடு போகாதீர்கள், நேரில் நின்று பார்த்த கணக்கோடு போங்கள். அவர்கள் படித்ததே பார்த்ததை நம்புவதற்கு.

சட்டம், லைசென்ஸ் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம், அது படித்தால் வந்துவிடும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரே, சி.டி.க்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், ஸ்கேனுக்கு, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டப்படியான பதிவேடு, பார்மசி லைசென்ஸ், லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்பு. எல்லாவற்றுக்கும் முடியும் தேதி இருக்கிறது. ஒரு ஷீட்டில் போட்டு, 90 நாளுக்கு முன்னால் சிவப்பாக மாறும்படி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கழிவில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எந்த நிறத்தில் எது போகும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். 2016 விதிப்படி அந்தக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தொடர்ந்து லீவு வரும் நாட்களில் வண்டி வருமா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பவர்தான் நல்ல நிர்வாகி.

இரண்டு விஷயத்தை மட்டும் காகிதமாக நினைக்காதீர்கள். ஒன்று ஒப்புதல் படிவம். 1995-ல் உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2008-ல் சமீரா கோலி வழக்கில், உள்ளே கருவி விட்டுப் பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் கருப்பையை எடுப்பதற்கான சம்மதம் ஆகாது என்று சொல்லிவிட்டது. நம் மருத்துவமனைகளில் இன்னும் "எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம்" என்று ஒரே வரியில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். நீங்கள் அந்தப் படிவத்தைத் திருத்தும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். தமிழில், நோயாளிக்குப் புரியும்படி. எழுதிப் பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

இன்னொன்று தீ. 2011 டிசம்பர் 9-ல் கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 90 பேருக்கு மேல் செத்தார்கள். தீ கிளம்பியது அடித்தளத்தில், வண்டி நிறுத்த வேண்டிய இடத்தில் எரியும் பொருட்களைக் குவித்து வைத்திருந்தார்கள். பலரைக் கொன்றது புகை. இதைப் படித்த அன்றைக்கு நான் வேலை பார்த்த இடத்தின் அடித்தளத்துக்கு இறங்கிப் போனேன். பழைய கேஸ் ஷீட் கட்டு, கிழிந்த மெத்தை, காலி அட்டைப்பெட்டி. அவசர வழிக் கதவில் பூட்டு, சாவி செக்யூரிட்டி வீட்டில். உங்கள் மருத்துவமனையிலும் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிடுங்கள்.

படிப்பில் வராத ஒன்று, மரணம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் இறந்தால் அதற்கப்புறம் நடக்கிற எல்லாம் கைமாற்றம்தான்: டாக்டரிடமிருந்து குடும்பத்துக்குச் செய்தி, வார்டிலிருந்து ஆம்புலன்ஸுக்கு உடல், கவுண்டரில் பாக்கிப் பணம். விபத்துக் கேஸாக இருந்தால் போலீஸ், போஸ்ட்மார்ட்டத்துக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. கடலோர ஊரென்றால் அரை மணி நேரத்தில் இரண்டு வேன் ஆட்கள் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் கூட்டத்தைப் பார்த்துப் பேசாதீர்கள், அதில் யார் பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று பாருங்கள். சில ஊர்களில் பங்குத்தந்தை, சில ஊர்களில் வார்டு கவுன்சிலர், சில நேரம் மூலையில் ஒன்றும் பேசாமல் நிற்கும் மாமா. அவரை உட்காரவைத்து, டாக்டரையே நேரில் சொல்ல வையுங்கள். பாக்கிக்காக உடலைப் பிடித்து வைக்கும் பேச்சே கூடாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் கூடாது.

இங்கேயே இருந்தால் வளர முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மருத்துவமனை நடத்தும் பழக்கத்துக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. 1838-ல் நெய்யூரில் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860களில் அங்கே இருந்த ஜான் லோ உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்துக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினார். ஊர் ஆளைப் பழக்கி ஊரிலேயே வைப்பது நமக்குப் புதிதில்லை. 1893-ல் நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் ஹாரி ஆண்ட்ரூஸ் ஒரு குளியலறையில் கொஞ்சம் மருந்து வைத்துக்கொண்டு தொடங்கியதுதான் பிறகு கேத்தரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய டாக்டர் சோமர்வெல், 1922-ல் நெய்யூரில் நோயாளிகள் காத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயே பணிசெய்ய முடிவெடுத்தார். 2001-ல் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இங்கே நிறையத் தனியார் மருத்துவமனைகளை டாக்டரின் குடும்பமே நடத்துகிறது; மேலே உள்ள நாற்காலி மருமகனுக்கோ மகளுக்கோ போகும். இதை உங்களிடம் மறைப்பானேன். அப்படிப்பட்ட இடத்தில் பதவியின் பெயரைத் துரத்தாமல், அவர்கள் உங்களைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாத நிலையை உண்டாக்குவதுதான் வழி. மிஷன் மருத்துவமனைகளிலும் டிரஸ்ட் மருத்துவமனைகளிலும் வெளியாளுக்கு இடம் கொஞ்சம் கூடுதல்.

இங்கே நிர்வாகம் பழகுவதற்கு இன்னொரு நன்மை இருக்கிறது. எல்லாச் சிக்கலும் சின்ன இடத்தில் கிடைக்கும். களியக்காவிளை தாண்டினால் கேரளம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள்தான். அங்கே மெடிக்கல் காலேஜ், இதயத்துக்கு ஸ்ரீ சித்திரை, புற்றுநோய்க்கு ஆர்.சி.சி. என்று பெரிய இடங்கள். நெஞ்சுவலி, புற்றுநோய் என்றால் ஜனம் வண்டியைக் கிழக்கே திருப்பாது. அதோடு மல்லுக்கட்டாமல், யாரை எப்போது எந்த ரிப்போர்ட்டோடு அனுப்புவது, திரும்பி வந்தபின் தொடர் சிகிச்சையை எப்படி இங்கே எடுத்துக்கொள்வது என்று யோசிக்கிற மருத்துவமனைதான் நிலைக்கும். அது ஊர்விட்டு ஊர் நடக்கிற கைமாற்றம்.

பேச்சும் அப்படி. விளவங்கோடு பக்கம் நோயாளி "சர்தி" என்பார், வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்த சிஸ்டர் முழிப்பார். வாந்தி என்று யாராவது சொல்ல வேண்டும். ஓ.பி. கவுண்டரில் மலையாளமும் புரிகிற ஒருவர் இருந்தால் பாதிச் சண்டை குறையும். சிஸ்டர்கள் இரண்டு மூன்று வருட அனுபவம் சேர்ந்ததும் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ கிளம்பிவிடுவார்கள். அதைத் துரோகமாகப் பேசுகிற மேலாளர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. வீட்டுக் கடனும் தங்கச்சி கல்யாணமும் அவர்களுக்குத்தானே இருக்கிறது? போவார்கள் என்று தெரிந்தே திட்டமிடுங்கள். புதிதாக வருபவர் மூன்று வாரத்தில் பழகும்படி ஐ.சி.யு. வேலைகளை எழுதி வையுங்கள், கிளம்புகிறவர் கடைசி மாதத்தில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்குங்கள்.

ஒக்கிப் புயல் நினைவிருக்கும். 2017 நவம்பர் 30. அன்றைக்கு நான் வேலையில் இருந்த இடத்தில் ஜெனரேட்டருக்கு ஒன்றரை நாள் டீசல் இருந்தது, போதும் என்று நினைத்திருந்தோம். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. ஒருவழியாக ஆள் அனுப்பினால், பெட்ரோல் பங்கில் டீசல் இருக்கிறது, பம்ப் ஓடக் கரண்ட் இல்லை. செல்போன் டவரும் படுத்துவிட்டது, ஆன்-கால் டாக்டரைக் கூப்பிட வழியில்லை. வெட்டுக்கத்தியோடு பைக்கில் இரண்டு பேரை அனுப்பி மயக்க மருந்து டாக்டரை அழைத்து வந்தோம். அதற்கப்புறம் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு காகிதம் வைத்திருக்கிறேன்: ஆஸ்பத்திரிக்கு நடந்தே வரக்கூடிய தூரத்தில் எந்த டாக்டர், எந்த சிஸ்டர், எந்த எலக்ட்ரீஷியன் வீடு, எந்தத் தெரு. வருடத்துக்கு இரண்டு தடவை திருத்துவேன். உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு காகிதம் இல்லையென்றால் அதை நீங்கள் தயாரிக்கலாம், ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

படிப்பு. கையில் எம்.பி.ஏ. இருக்கும்போது இன்னொரு பட்டத்துக்குக் காசு கட்டாதீர்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுகலைப் பட்டம்) மதிப்பானதுதான், ஆனால் அது முதல் பட்டமேற்படிப்பாக எடுக்க வேண்டியது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு நிர்வாகத்திலேயே டி.என்.பி. (எம்.டி. போன்ற மேற்படிப்பு) எல்லாம் இருக்கிறது, அந்த ஆட்களோடு பட்டத்தில் போட்டி போட முடியாது, தேவையும் இல்லை. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் என்.ஏ.பி.எச். அமைப்பின் தரநிலைகளைப் பற்றிய சில நாள் பயிற்சிக்குப் போய்வாருங்கள், அப்புறம் உங்கள் இடத்திலேயே உள் தணிக்கையாளராகச் சேருங்கள். அதற்குக் கமிட்டி போடும்போது எல்லோரும் ஒதுங்குவார்கள், நீங்கள் கையைத் தூக்குங்கள். எல்லா வார்டுக்குள்ளும் கேள்வி கேட்டுக்கொண்டு நுழைய அதைவிட நல்ல பாஸ் கிடையாது.

ஒரு நாள் லீவு போட்டுத் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய் ஓ.பி.யில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஜி. வெங்கடசாமி தொடங்கியது. டாக்டர் செய்தே ஆக வேண்டியது எது, பயிற்சி பெற்ற பெண்கள் செய்யக்கூடியது எது என்று ஒவ்வொரு வேலையையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். தியேட்டரில் ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயார். கைமாற்றத்தையே ஒரு கலையாக ஆக்கிய இடம். அவர்களுடைய பயிற்சி நிறுவனம் லைகோ, மதுரையில் இருக்கிறது. கண் மருத்துவமனை நிர்வாகத்துக்கென்றே படிப்புகள் நடத்துகிறது.

அமெரிக்காவில் எம்.எச்.ஏ. முடித்தவர்களை ஒரு வருடம், இரண்டு வருடம் தலைமை நிர்வாகியின் கூடவே வைத்துப் பழக்கும் ஃபெலோஷிப் வழக்கத்தில் இருக்கிறது. நமக்கு அது அரிது, அதனால் நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் நிர்வாகியிடம் போய், "சார், வாராந்திர மீட்டிங்கில் ஓரமாக உட்காருகிறேன், மினிட்ஸ் நான் எழுதித் தருகிறேன்" என்று கேளுங்கள். எல்லோரும் வெறுக்கும் வேலை அது, ஆகவே கிடைக்கும். யார் எதைச் சொன்னார், யார் எப்போது செய்வதாக ஒத்துக்கொண்டார் என்று எழுதி மறுநாள் அனுப்புகிறவர் கையில்தான் மீட்டிங்கின் அடுத்த வாரம் இருக்கிறது.

கடைசியாகச் சென்னை. 18 ஆயிரம் வாங்கும் இடத்தில் 27 ஆயிரம் என்றால் யாருக்கும் மனசு அலையும். ஆனால் அங்கே வாடகையும் சாப்பாடும் போக எவ்வளவு மிஞ்சும் என்று முதலில் ஒரு சீட்டில் எழுதிப் பாருங்கள். அப்புறம் அவர்களிடம் போனில் மூன்று விஷயம் கேளுங்கள். இன்சூரன்ஸ் மேசையைத் தவிர வேறு துறைகளில் மாறி மாறி வேலை தருவீர்களா? நான் யாருக்குக் கீழே, அவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்? ராத்திரி டியூட்டி மேனேஜர் வேலை எனக்கு எப்போது வரும்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் கிளம்புங்கள், இரண்டு மூன்று வருடம் பெரிய இடத்தில் நின்றுவிட்டு வருவது நல்லதுதான். "வந்தப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அங்கேயும் அதே ஃபைல்தான், மாடி மட்டும் கூடுதல்.

இங்கேயே இருப்பதாக முடிவு செய்தால், ஆறு மாதத்துக்குச் சனிக்கிழமை ராத்திரி டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் பைக் விபத்துகள் வரும், லேபில் ஒரே ஆள் இருப்பார், பெரிய டாக்டர்கள் கல்யாண வீட்டில் இருப்பார்கள். எதுவானாலும், சென்னைக்குப் பதில் சொல்லும் முன்பு அந்த டிஸ்சார்ஜ் ஃபைலின் பின்னால் ஒரு நாள் நடந்துவிடுங்கள். எழுதிய நோட்டை இன்டர்வியூவுக்குக் கையில் எடுத்துப் போகலாம்.